கொழுப்புக் கட்டி என்று யார் சொன்னது?

தொடையிலோ புஜத்திலோ தோள்பட்டைக்குப் பின்னாலோ ஒரு கட்டி. வலி இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கொழுப்புக் கட்டியா இருக்கும், விடு." பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். உடம்பில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தராதவை. அந்தக் கூட்டத்துக்குள் எப்போதாவது வேறொன்றும் கலந்து வருகிறது. தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் என்று உடம்பின் மென்திசுக்களில் பிறக்கும் புற்றுநோய். சார்கோமா என்பது அதன் மருத்துவப் பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான் இது. அந்த ஒன்றுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

அச்சமூட்ட இதை எழுதவில்லை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த நோயின் மருத்துவத்தில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. செல்லை 'வளர், பெருகு' என்று ஏவும் சமிக்ஞையையே மறிக்கிற மாத்திரைகள் வந்துவிட்டன. சில வகைச் சார்கோமாக்களில் அவை நோயாளிகளுக்குப் பல ஆண்டு வாழ்வைத் தந்திருக்கின்றன. மாத்திரை மருந்துக்கடையில் இருக்கிறது, அது தேவைப்படுபவர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார். இடையிலுள்ள தூரத்தில் குடும்பத்தார், முதலில் பார்க்கும் டாக்டர், சோதனைக்கூடத்தார், காப்பீட்டு அலுவலர், அரசு, நீதிமன்றம், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் நிற்கிறோம். யாரேனும் ஒருவர் தம் பங்கைச் செய்யாமல் விட்டாலும் மாத்திரை போய்ச் சேராது.

இந்த நோயாளிகளுக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கும் கடன் சாதாரணமானதல்ல. 1909-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆய்வுக்கழகத்துக்கு மார்பில் கட்டியோடு ஒரு கோழி வந்தது. அந்தச் சார்கோமாவை அரைத்து, செல்கள் நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார் பெய்டன் ரவுஸ். அவற்றுக்கும் கட்டி வந்தது. 1911-ல் அவர் வெளியிட்டபோது நம்பியவர்கள் குறைவு. நோபல் பரிசு 1966-ல்தான் வந்தது. அந்தக் கோழி வைரஸின் மரபணுதான் பிற்பாடு டைரோசின் கைனேஸ் என்ற நொதிக் குடும்பத்தை அறிவியலுக்கு அடையாளம் காட்டியது. இன்று நாம் பேசும் மாத்திரைகளில் பல, அந்தக் குடும்பத்து நொதிகளை மறிப்பவையே.

1950-களில் ரீட்டா லெவி-மொண்டால்சினி எலியின் சார்கோமாத் துண்டைக் கோழிக்கருவில் ஒட்டவைத்தார். கருவின் நரம்புகள் அந்தக் கட்டியை நோக்கிக் கட்டுக்கடங்காமல் வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளிவந்து நரம்பை வளரச் சொல்கிறது என்று அவர் ஊகித்தார். கட்டியுள்ள எலிகளைத் தம்மோடு விமானத்தில் எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோ வரை போய் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். அப்படிப் பிடிபட்டதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986-ல் ஸ்டான்லி கோஹனுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1983-ல் இன்னொரு திருப்பம். குரங்கு ஒன்றின் சார்கோமாவிலிருந்து எடுத்த வைரஸின் மரபணுவும், ரத்தத் தட்டணுக்கள் சுரக்கும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியும் ஒன்றுக்கொன்று பொருந்துவதை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கண்டுகொண்டார்கள். புற்றுநோய் என்பது உடம்பின் வளர்ச்சிச் செய்தியே தடம்புரண்டு போவதுதான் என்ற புரிதல் அன்று வலுப்பெற்றது.

கோழி, எலி, குரங்கு மூன்றுக்கும் வந்தது சார்கோமா. மார்பகப் புற்றுநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இன்று கிடைக்கும் நவீன மருந்துகளின் வேர் அங்கே இருக்கிறது. அந்த அறிவைத் தந்த நோயைச் சுமப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவானவர்கள் என்பதால் வரிசையின் கடைசியில் நிற்க நேர்வது நியாயமல்ல.

இந்தச் சமிக்ஞை எப்படிக் கெடுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. வளர்ச்சிக் காரணி வந்து ஏற்பியில் பொருந்தினால் செய்தி உள்ளே போகும், செல் பிரியத் தொடங்கும். காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் இப்படித்தான். வாசலில் ஆள் வந்து காலிங் பெல்லை அழுத்தினால் வீட்டுக்குள் மணி கேட்பதைப் போல. சிலருக்குப் பொத்தானே உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கிறது; வாசலில் யாரும் இல்லாமலே மணி ஓயாமல் அடிக்கிறது. இரைப்பை, சிறுகுடல் சுவரில் தோன்றும் ஜிஸ்ட் என்ற சார்கோமாவில் நடப்பது இது. கிட் என்ற ஏற்பியின் மரபணுவில் பிழை இருப்பதை 1998-ல் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த செய்சி ஹிரோடாவும் அவர் குழுவினரும் கண்டறிந்தார்கள். இன்னும் சிலருக்குப் பொத்தான் நன்றாகவே இருக்கும், அதை அழுத்தும் விரல்தான் விலகாது. தோலில் மெல்ல வளரும் டிஎஃப்எஸ்பி என்ற கட்டியில் 17-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதால், செல் தனக்கான பிடிஜிஎஃப்பைத் தானே இடைவிடாமல் தயாரித்துக்கொள்கிறது.

ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்காக உருவாகிவந்த இமாடினிப் என்ற மாத்திரை கிட் ஏற்பியையும் மறிக்கும் என்பது தெரிந்திருந்தது. 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில் ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைகளும் கீமோதெரபியும் முடிந்து, கல்லீரல் முழுக்கக் கட்டிகள் பரவிய நிலையில் இருந்தவர் அவர். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கத் தொடங்கின. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அந்த அறிக்கை 2001-ல் வெளிவந்தது. 2002 பிப்ரவரியில் ஜிஸ்டுக்கும் அந்த மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை முற்றிய ஜிஸ்ட் வந்தவர்களில் பாதிப்பேர் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. இமாடினிப் வந்த பிறகு அந்த அளவு ஐந்தாண்டை நெருங்கியது. டிஎஃப்எஸ்பிக்கு 2006-ல் அனுமதி கிடைத்தது.

எல்லாச் சார்கோமாவுக்கும் இப்படி ஒற்றைப் பொத்தான் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கை, கால்களில் வரும் பெரும்பாலான வகைகளில் மரபணுக் குழப்பம் பல இடங்களில் ஒரே நேரத்தில் இருக்கிறது. அவற்றுக்கு முதல் சிகிச்சை இன்றும் சரியான அறுவையும் கதிர்வீச்சும்தான். கட்டிக்கு ரத்தக்குழாய்களை வரவழைக்கும் சமிக்ஞையை மறிக்கும் பாஸோபனிப் மாத்திரையை 13 நாடுகளில் 369 நோயாளிகளிடம் சோதித்தார்கள். நோய் முற்றாமல் நின்ற காலம் 1.6 மாதத்திலிருந்து 4.6 மாதமாக நீண்டது. மொத்த ஆயுளில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. 2012-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. மூன்று மாதம் என்பது அந்த வீட்டாருக்குச் சின்ன விஷயமில்லை. அதைப் பூரண குணம் என்று சொல்லி விற்பதும் தகாது.

இமாடினிப் கதையில் சென்னைக்கு ஒரு நேரடிப் பங்கு இருக்கிறது, நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-ல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும், உள்நாட்டு மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஏற்கெனவே தெரிந்த ஒரு மருந்தின் புதிய வடிவம் நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டிருந்தால்தான் காப்புரிமை உண்டு என்கிறது நமது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்ற வழக்கை 2007-ல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று இறுதியாகத் தீர்ப்பளித்தது. மாதம் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் விலையுள்ள மாத்திரைக்கு நிகரான உள்நாட்டு மாத்திரை பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்த காலம் அது. தன் மருந்தை ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அந்த நிறுவனம் இலவசமாகவும் தந்தது என்பதையும் சொல்வதே நேர்மை. ஆனால் ஒரு நிறுவனம் மனமுவந்து கொடுப்பதை நம்பி மட்டும் ஒரு நாட்டின் நோயாளிகள் இருக்க முடியாது. அந்த வழக்கில் நோயாளிகள், வழக்கறிஞர்கள், அலுவலர்கள், நீதிபதிகள் என்று ஒருவருக்கொருவர் முகம் தெரியாத பலர் தத்தம் வேலையைச் செய்தார்கள். விலை இறங்கியே நின்றது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இமாடினிபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மருந்து இருக்கிறது, விலையும் இறங்கியாயிற்று. பிறகு எங்கே தவறுகிறோம்?

பெரிய மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் சார்கோமா டாக்டர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. நோயாளி வேட்டியை ஒதுக்கிக் காட்டுகிறார். தொடையில் குறுக்காக ஓடும் தையல் தழும்பு. அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இன்னொரு சின்னத் தழும்பு. நீர் வடிய டியூப் வைத்த இடம். தழும்புக்குக் கீழே கட்டி மறுபடியும் எழும்பியிருக்கிறது. மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டும் டிஸ்சார்ஜ் தாளில் 'கொழுப்புக் கட்டி அகற்றப்பட்டது' என்று ஒரே வரி. எத்தனை சென்டிமீட்டர், தசைக்கு மேலா கீழா என்ற குறிப்பு எதுவும் இல்லை. அறுவைக்கு முன் ஸ்கேன் இல்லை. எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டால் மனைவி பதில் சொல்கிறார்: "பாட்டில்ல போட்டுக் காட்டுனாங்க டாக்டர். அப்புறம் என்ன பண்ணாங்கன்னு தெரியலைங்க."

அந்த இரண்டு தழும்புகளும் புற்றுநோய் செல்கள் சிந்தியிருக்கக்கூடிய இடங்கள். கை, கால்களில் நீளவாக்கில் கீறியிருந்தால் இரண்டாம் அறுவையில் அந்தத் தடத்தை ஒரு பட்டையாக வெட்டி எடுத்துவிடலாம். குறுக்கே கீறியதால் இப்போது அகலமாகத் தசையை எடுக்க வேண்டும். டியூப் தழும்பையும் சேர்க்க வேண்டும். தோல் ஒட்ட வேண்டிவரும், சிலருக்குக் காலையே இழக்க நேரிடும். 'கத்தி பட்டால் கட்டி பரவிவிடும்' என்று ஊரில் சொல்வதை மூடநம்பிக்கை என்று நாம் அலட்சியமாக ஒதுக்குகிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. திட்டமில்லாமல் பட்ட கத்திதான் அந்த அச்சத்தை ஊருக்குள் விதைத்தது. சரியான இடத்தில், பிற்பாடு அறுவையில் நீக்கப்போகும் தடத்திலேயே ஊசியைச் செலுத்தி எடுக்கும் சதை டெஸ்ட் அப்படிப்பட்டதல்ல. அந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பது டாக்டர்களின் வேலை. அதைக் கேட்டு நம்பி, பச்சிலைக் கட்டுக்கும் எண்ணெய் போட்டு நீவிவிடுவதற்கும் போகாமல் இருப்பது குடும்பத்தாரின் வேலை.

இதில் முதலில் கத்தி எடுத்த சர்ஜனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அது பயன்தராது என்று நினைக்கிறேன். ஒரு சிறுநகர சர்ஜன் ஆண்டு முழுக்க எடுக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே கொழுப்புக் கட்டிகள். சார்கோமாவைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். அரிய நோயை மனிதரின் நினைவாற்றலை நம்பிப் பிடிக்க முடியாது, அதற்கு ஒரு விதி வேண்டும். அந்த விதி சிக்கலானதும் அல்ல. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, தசைக்கு அடியில் ஆழமாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தாலோ கத்தி வைக்கக் கூடாது. எம்ஆர்ஐ எடுத்து, சார்கோமா பார்க்கும் மையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நான்கு வரிகள் ஒவ்வொரு அறுவை அரங்கின் சுவரிலும் ஒட்டியிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், உடற்பயிற்சி ஆசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட்கள் தெரிந்துவைத்திருக்கலாம். மென்திசுப் புற்றுநோய் சிறுவர்களையும் பதின்வயதினரையும் விட்டுவைப்பதில்லை. பந்து பட்ட வீக்கம் என்று நினைத்துப் பல வாரங்கள் தைலம் தடவும் வீடுகள் உண்டு.

ஜிஸ்ட் வெளியே தெரியும் கட்டி அல்ல. கறுத்த மலம், காரணம் புரியாத ரத்தசோகை, வயிறு உப்பிய உணர்வு என்றுதான் அது தன்னைக் காட்டும். இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்தும் ரத்தம் ஏறாத நடுவயதுக்காரரை எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பத் தோன்றுவதே பாதி வைத்தியம்.

அடுத்து, எடுத்த சதைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன வெள்ளைக் கட்டியாகச் சோதனைக்கூட அலமாரிக்குப் போகிறது. இதை 'பிளாக்' என்பார்கள். அதிலிருந்து மயிரிழையினும் மெல்லிய சீவலை எடுத்துக் கண்ணாடித்துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். கிட் புரதம் இருக்கும் செல்கள் பழுப்பு நிறத்தில் தெரியும். அதே பிளாக்கிலிருந்துதான் மரபணுச் சோதனையும். எந்த மரபணுவில், எந்த இடத்தில் பிழை என்று தெரிந்தால்தான் மாத்திரையைத் தேர்ந்தெடுக்க முடியும். கிட் மரபணுவின் 11-ஆம் பகுதியில் பிழை இருந்தால் வழக்கமான 400 மில்லிகிராம் இமாடினிப் நன்றாக வேலை செய்கிறது. 9-ஆம் பகுதி என்றால் இரட்டிப்பு அளவு தேவைப்படலாம். பிடிஜிஎஃப் ஏற்பியில் டி842வி என்ற குறிப்பிட்ட பிழை இருந்தால் இமாடினிப் பயன்படாது. 2020-ல் வந்த அவாப்ரிடினிப் போன்ற வேறு மருந்து வேண்டும். சோதனை செய்யாமல் மாத்திரையை எழுதிக்கொடுத்தால், சிலர் தமக்குப் பலிக்காத மருந்தை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே அறுவை செய்த சதையை எறியாமல் இருப்பது நல்ல பழக்கம் என்ற அளவோடு நின்றுவிடக் கூடாது. மனித உடம்பிலிருந்து வெட்டியெடுத்த எந்தக் கட்டியும், டாக்டருக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும், நோய்க்கூறு பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அதற்கான சில நூறு, ஓராயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கச் சொல்லி நாமும் கேட்கக் கூடாது. 'சாதாரணக் கட்டிதானே, டெஸ்ட் எதுக்கு' என்று பில்லைப் பார்த்து முணுமுணுப்பது பெரும்பாலும் நோயாளியின் உறவினர்கள்தான். பிளாக் நோயாளிக்கு உரியது. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அவர் கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். தொலைத்துவிட்டோம் என்ற பதிலை எந்தச் சோதனைக்கூடமும் சொல்லக் கூடாது.

மாத்திரை கையில் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. அறுவைக்குப் பின் நோய் திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள ஜிஸ்ட் நோயாளிகள் 400 பேரை வட ஐரோப்பிய நாடுகளிலும் ஜெர்மனியிலும் ஆராய்ந்தார்கள். ஓராண்டு இமாடினிப் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பேர். மூன்றாண்டு சாப்பிட்டவர்களில் 92 பேர். முற்றிய நோயில் பிரெஞ்சு ஆய்வு ஒன்று இன்னும் கூர்மையாகப் பேசுகிறது. ஓராண்டுச் சிகிச்சையில் நோய் கட்டுப்பட்டிருந்தவர்களில் 32 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 26 பேருக்கு நோய் மறுபடி வளர்ந்தது. தொடர்ந்து சாப்பிட்ட 26 பேரில் 8 பேருக்கே வளர்ந்தது. சமிக்ஞை அணையவில்லை, மாத்திரை அதை அமுக்கிவைத்திருக்கிறது, அவ்வளவே. கையை எடுத்ததும் அது எழுந்துவிடும்.

இந்த எண்களை நம் ஊர் வாழ்க்கைக்குள் வைத்துப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க இரவு பஸ் ஏறிச் சென்னைக்கோ மதுரைக்கோ போகிறார். ஒருநாள் கூலி போகிறது, கூட வருபவரின் கூலியும் போகிறது. ஸ்டாக் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்ற பதிலோடு திரும்பி வருகிறார். அடுத்த வாரம் நடவு வந்துவிடுகிறது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, காலில் நீர், வயிற்றுப்புரட்டல். இதெல்லாம் மாத்திரையால்தானே, இரண்டு மாதம் விட்டுப் பார்ப்போம் என்று தோன்றுகிறது. இது சோம்பேறித்தனமல்ல. மருந்தை நோயாளியின் பக்கத்தில் கொண்டுவைக்காத ஓர் ஏற்பாட்டின் விளைவு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் முறைக்காக மற்ற மாநிலங்களால் கவனிக்கப்பட்டது. அந்தத் திறமை நமக்கு இருக்கும்போது, பெயர் பதிவான ஜிஸ்ட் நோயாளிக்கு இரண்டு மாத மாத்திரையை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே இருப்பு வைப்பது பெரிய காரியமா? பல நாடுகளின் கணக்குப்படி ஜிஸ்ட் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குப் பத்து, பதினைந்து பேருக்கு வருகிறது. மாவட்டத்துக்கு என்று பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய எண்ணிக்கைதான்.

காப்பீட்டுக்கும் இங்கே ஒரு வார்த்தை. அறுவை என்றால் ஒரு தொகை, கீமோ என்றால் ஒரு தொகை என்று துண்டு துண்டாகக் கணக்கிடும் முறை, சமிக்ஞையைக் குறிவைக்கும் சிகிச்சைக்குப் பொருந்தாது. இங்கே ஸ்கேன், சதை டெஸ்ட், மரபணுச் சோதனை, பல ஆண்டு மாத்திரை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு சிகிச்சை. சோதனையைக் குடும்பத்தின் தலையில் விட்டுவிட்டு மாத்திரைக்கு மட்டும் பணம் தந்தால், தவறான ஆளுக்குத் தவறான மாத்திரையைக் கொடுத்து அந்தப் பணத்தையும் வீணாக்குவோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மத்திய அரசின் திட்டத்திலும் இந்த நோய்களுக்கு முழுச் சங்கிலிக்கும் ஒரே தொகுப்பாக அனுமதி வழங்குவதைப் பரிசீலிக்க வேண்டும்.

நம்பிக்கையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 2016-ல் சார்கோமா உலகம் கொண்டாடிய மருந்து ஓலராடுமாப். பிடிஜிஎஃப் ஏற்பியைக் குறிவைக்கும் எதிர்ப்புரதம் அது. 133 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.7 மாதம், இதைச் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 26.5 மாதம். பல பத்தாண்டுகள் அசையாதிருந்த ஒரு நோயில் கிட்டத்தட்ட ஓராண்டு கூடுதல். அந்த 133 பேரை நம்பி அமெரிக்காவும் ஐரோப்பாவும் நிபந்தனையோடு அனுமதி தந்தன. நிபந்தனை, பெரிய சோதனையை முடிக்க வேண்டும் என்பது. 509 பேரிடம் அது நடந்தது. 2019 ஜனவரியில் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு 20.4 மாதம், பெறாதவர்களுக்கு 19.7 மாதம். எந்தப் பயனும் இல்லை. மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இது தோல்வி என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அந்த 509 பேர் மீது பெரும் மரியாதை உண்டு. நல்ல மருந்து என்று எல்லாரும் நம்பிய நேரத்தில், சீட்டுக் குலுக்கியதுபோல் தம்மை ஏதோ ஒரு பிரிவில் ஒதுக்கச் சம்மதித்தார்கள். அவர்கள் அப்படிச் செய்திராவிட்டால், உலகம் முழுவதும் குடும்பங்கள் நிலத்தையும் நகையையும் விற்றுப் பயனற்ற ஒரு மருந்தை இன்றும் ஏற்றிக்கொண்டிருக்கும். அரிய நோயில் சின்ன எண்ணிக்கை எப்படி நம் கண்ணை ஏமாற்றும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். வேறு விதமாகவும் இழந்திருக்கிறோம். ஐஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைக் குறிவைத்த மருந்துகள், யூயிங் என்ற வகைச் சார்கோமாவில் பத்தில் ஒருவர் அளவுக்குக் கட்டியைச் சுருக்கின. சிலருக்கு அது வியக்கத்தக்க சுருக்கம். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்லும் அடையாளம் கிடைக்காததால் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டன. பலித்தவர்களின் திசுக்களும் பலிக்காதவர்களின் திசுக்களும் போதிய எண்ணிக்கையில் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் அந்த அடையாளம் கிடைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அரிய நோயில் ஒவ்வொரு நோயாளியும் பின்னால் வருபவருக்கு ஆசிரியர். பதிவேட்டில் ஏறாத நோயாளியிடமிருந்து நாம் எதையும் கற்பதில்லை. சென்னையில் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்தே நடந்துவருகிறது. நாட்டின் பழமையான பதிவேடுகளில் ஒன்று அது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் ஒரு நிறுவனத்தைப் பொதுமக்களின் நன்கொடையை நம்பித் தொடங்கிய ஊர் இது. நாடெங்கும் உள்ள புற்றுநோய் மையங்கள் 2012-லிருந்து தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் கைகோத்திருக்கின்றன. இருக்கும் இந்த அமைப்புகளோடு தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்து, பெயரை மறைத்து, நோயாளியின் சம்மதத்தோடு, சார்கோமா வகையையும் மரபணுப் பிழையையும் கொடுத்த மருந்தையும் விளைவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 'எங்கள் கேஸ்' என்று எந்த மருத்துவமனையும் மூடிவைக்கும் அளவுக்கு இந்த நோயில் எவரிடமும் நோயாளிகள் இல்லை.

எங்கள் பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போடும் ஒவ்வொரு முறையும் எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஆயுள் எவ்வளவு கூடியது, எந்த வகை நோய்க்கு என்ற மூன்றையும் அதே செய்தியில் எழுத வேண்டும். ஓலராடுமாப் வந்தபோது எழுதியவர்கள் அது விலகியபோதும் அதே அளவு எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

சட்டப்பேரவையில் ஆண்டுதோறும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருகிறது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பிரியத் தேவையில்லாத சில கோரிக்கைகளை உறுப்பினர்கள் சேர்ந்தே அங்கே எழுப்பலாம். அகற்றும் ஒவ்வொரு கட்டியும் சோதனைக்குப் போவதை அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் கட்டாயமாக்கலாம். மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், சர்ஜன், கதிர்வீச்சு நிபுணர், நோய்க்கூறு நிபுணர், மருந்துச் சிகிச்சை நிபுணர் வாரம் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் சார்கோமாப் பிரிவைத் தொடங்கலாம். மாவட்டத்திலிருந்து அனுப்பும் ஸ்கேனையும் ஸ்லைடையும் அங்கே ஏழு நாளுக்குள் பார்த்துப் பதில் சொல்வதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். அந்தப் பதில் வரும் வரை கத்தியைக் கீழே வைத்திருக்கும்படி மருத்துவச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இப்போதே எழுதலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.